கோலியின் தொப்புள்

மூன்று கோலிகளை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்துக்கொள்வோம். முதலாவது, பெட்டிக்கடையில் கேட்டால் கிடைக்கிற வகை: லேசாகப் பச்சை ஓடிய கண்ணாடி, உள்ளே மஞ்சளோ சிவப்போ இதழ் இதழாக ஒரு வண்ணம். இரண்டாவது, உடைந்த சோடா பாட்டிலிலிருந்து எடுத்தது: வெளிறிய நீலப்பச்சை, உள்ளே ஒன்றுமில்லை, மேலே முழுக்கக் கீறல். மூன்றாவது, பழைய வீட்டுப் பரணில், பித்தளைச் செம்புக்குள் கிடந்தது என்று வையுங்கள்: தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளை நூல்களால் பின்னிய வலை, வலையைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாய்ப் பட்டைகள், நேற்று வாங்கியது போன்ற பளபளப்பு.

எது பழசு என்று கேட்டால் பெரும்பாலோர் கீறல் விழுந்த சோடாக் கோலியைத்தான் எடுப்பார்கள். கீறல் உழைப்பைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது. ஒரே கோடை விடுமுறையில் ஒரு கோலியை நூறு வயதுக் கிழவியாக்கிவிட நம் பையன்களால் முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை எடுத்து மூன்றாவது கோலியை மெல்ல உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பளபளப்பு அறுந்து, மிளகு அளவுக்கு ஒரு சொரசொரப்பு தெரியும். நேர் எதிர்ப்பக்கம் திருப்பினால் அங்கேயும் அதேபோல இன்னொன்று. உள்ளே ஓடும் வண்ணப் பட்டைகள் எல்லாம் இந்த இரண்டு புள்ளிகளில்தான் கூடி முடிகின்றன. தாயிடமிருந்து அறுத்த இடத்தில் பிள்ளைக்குத் தொப்புள் இருப்பதைப் போல, கண்ணாடிக் கம்பியிலிருந்து அறுத்த இடத்தில் கோலிக்கு இருக்கும் வடு இது. இதைத் தொப்புள் என்றே சொல்லிக்கொண்டு போகலாம். கோலிக்கு எத்தனை தொப்புள் என்று எண்ணத் தெரிந்தவருக்கு அது கையால் பிறந்ததா, இயந்திரத்தில் பிறந்ததா, இரண்டுக்கும் நடுவிலா என்பது தெரிந்துவிடும்.

கண்ணாடிக் குண்டு எப்படி உருண்டையாகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும்.

மழைத்துளி தானாக உருண்டுகொள்கிறது. திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கும். ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த பரப்பு உருண்டைக்குத்தான். இதைப் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருப்போம். உருகிய கண்ணாடிக்கும் இதே விதிதான். ஆனால் துளி பெரிதாகப் பெரிதாகப் புவியீர்ப்பு அதைத் தட்டையாக அழுத்தத் தொடங்கும். இழுவிசை வெல்லும் அளவு, புவியீர்ப்பு வெல்லும் அளவு என்று ஓர் எல்லை உண்டு. தண்ணீருக்கு அது 2.7 மில்லிமீட்டர். கண்ணாடிக் குழம்பின் இழுவிசை நீரைப்போல நான்கு மடங்கு, எடையோ இரண்டரை மடங்கு. கணக்குப் போட்டால் எல்லை ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் என்று வரும். அதற்கு உட்பட்ட கண்ணாடித் துணுக்கைச் சூடாக்கினால் முனைகள் தாமாக மழுங்கி உருளும். 16 மில்லிமீட்டர் கோலியை அப்படி விட்டால் சப்பையாகிவிடும். யாராவது உருட்டிக்கொண்டே இருந்தாக வேண்டும்.

இந்த எல்லையின் சின்னப் பக்கத்தில் என்னென்ன செய்யலாம் என்பதற்கு உலகத்துக்கே பாடம் எடுத்தவர்கள் சங்கராபரணி ஆற்றங்கரைக்காரர்கள். செஞ்சி மலைப் பக்கம் தோன்றும் வராக நதி, வீடூர் அணையில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, சங்கராபரணி என்ற பெயரில் வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக் கடலுக்குப் போகிறது. அதிலிருந்து பிரியும் அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மண்பாண்டங்களும் சாடிகளும்தான் செய்தியாயின. அடுத்து 1947 முதல் 1950 வரை கசால் என்ற ஆய்வாளர், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழு. என்னைக் கேட்டால், அரிக்கமேட்டின் உண்மையான வியப்பு ரோமானியச் சாடி இல்லை. கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவில் இறைந்து கிடந்த கண்ணாடி மணிகள். பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வகைக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை இந்த வகை மணிகள் கிடைக்கின்றன. பழனிக்கு அருகே பொருந்தலிலும், கீழடியிலும்கூடக் கண்ணாடி மணிகள் வந்திருக்கின்றன.

மணியை ஒவ்வொன்றாக யாரும் உருட்டவில்லை. பெரிய கண்ணாடிக் குழம்பு உருண்டை ஒன்றை இரும்புக் குழாயின் நுனியில் ஏற்றி, நடுவில் துளை மூடாதபடி பார்த்துக்கொண்டு, உலையின் வாய் வழியாக ஒருவர் இடைவிடாமல் இழுப்பார். ஊசிபோல மெலிந்த கண்ணாடிக் குழாய் நீளமாக வந்துகொண்டே இருக்கும். ஆறியதும் அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய விளிம்பு கையைக் கிழிக்கும். அதனால் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்குவார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்து அடைபடாமல் காக்கும், விளிம்பைப் பரப்பு இழுவிசை மழுக்கிவிடும். ஆந்திரத்தின் பாபாநாயுடுபேட்டையில் இதே முறை 20-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை தொடர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இழுவிசையை வேலைக்காரனாக வைத்துக்கொண்டதால்தான் அத்தனை கோடி மணிகள் சாத்தியமாயின. அந்த வேலைக்காரனின் பலம் 3.5 மில்லிமீட்டரோடு முடிந்துவிடுகிறது என்பதால், மணி செய்யும் முறையை அப்படியே பெரிதாக்கிக் கோலி செய்துவிட முடியாது.

அந்த எல்லையைத் தாண்டியவர்கள் ஜெர்மனியின் துரிஞ்சியா மலைக்காட்டில் இருந்த லவுஷா என்ற ஊர்க்காரர்கள். 1597-இலிருந்தே கண்ணாடி உலை எரிந்த ஊர் அது. 1840-களில் கிரைனர் குடும்பத்தார் ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார்கள். இடுக்கி மாதிரி இரண்டு கை. ஒரு கையின் நுனியில் சிறு கிண்ணம், மறுகையில் அறுக்கும் அலகு. பல வண்ணக் கண்ணாடிகளை அடுக்கிச் சூடாக்கி, முறுக்கிய தடித்த கம்பியின் நுனியை அந்தக் கிண்ணத்துக்குள் விட்டுச் சுழற்றினால் நுனி உருண்டையாகும். அலகை அழுத்தினால் கழன்று விழும். அடுத்த கோலி, அடுத்த கோலி என்று ஒரே கம்பியிலிருந்து வரிசையாகப் பிறக்கும். முன்னவனிடமிருந்து அறுத்த வடு ஒரு பக்கம், பின்னவனிடமிருந்து அறுத்த வடு மறுபக்கம். இரண்டு தொப்புளுக்கும் காரணம் இதுதான்.

கம்பியின் முதல் கோலிக்கு முன்னால் யாருமில்லை. அதனால் அதற்கு ஒரு தொப்புள்தான் இருக்கும். பட்டைகளும் ஒரு முனையில் சேராமல் பாதியில் வளைந்து நிற்கும். வரிசையின் கடைசிக் கோலியிலும் இப்படி வண்ணம் பாதியில் தீர்ந்துபோயிருக்கும். அன்று குறை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய இவற்றைத்தான் இன்றைய சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். எனக்கும் இவற்றின்மேல்தான் கண். முழுமையான கோலி அழகாக இருக்கும், அவ்வளவுதான். பாதியில் நின்ற கோலி, தான் எந்தக் கம்பியின் எந்த இடத்தில் இருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஜெர்மன் கைக்கோலிகளில் வகைகள் ஏராளம். நடுவில் நூல்வலை உள்ளவை, நடுத்தண்டு கெட்டியாக உள்ளவை, வெங்காயத் தோல்போல மெல்லிய வண்ணப் படலம் போர்த்தவை. பொன்துகள் தூவியதுபோல மினுங்கும் ஒரு வகை உண்டு. அந்த மினுக்கம் தங்கத்தால் வந்ததில்லை. கண்ணாடிக்குள் படிகமாகிப் பிரிந்த செம்புச் செதில்கள். தெளிந்த கண்ணாடிக்குள் வெண்களிமண் ஆடோ நாயோ நிற்கிற பெரிய கோலிகளும் உண்டு. பொம்மை வெள்ளியில் வார்த்ததுபோல ஒளிரும். பொம்மையைச் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் சிக்கிக்கொள்கிறது. சாய்வாக வரும் ஒளி அந்தப் படலத்தில் முழுமையாகத் திருப்பியடிக்கப்படுகிறது. வெறும் களிமண்ணுக்கு வெள்ளி முலாம் பூசியது காற்றுதான்.

1914-இல் போர் மூண்டதும் ஜெர்மன் கோலி கப்பல் ஏறுவது நின்றது. அதற்குள் அமெரிக்காவில் இயந்திரம் தயாராக இருந்தது. ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய மார்ட்டின் கிறிஸ்டென்சன் எஃகுக் குண்டு செய்யும் இயந்திரத்தில் கைதேர்ந்தவர். அதே மூளையைக் கண்ணாடிக்குத் திருப்பி, 1905-இல் காப்புரிமை பெற்றார். இரண்டு உருளைகள், அவற்றில் வெட்டிய பள்ளம், பள்ளத்தில் விழுந்த கண்ணாடித் துண்டு புரண்டு புரண்டு ஆறும்போது உருண்டையாகிவிடும். ஆனால் கண்ணாடியை உலையிலிருந்து கம்பியில் அள்ளிக் கொண்டுவந்து, ஒழுகவிட்டு, கத்தரியால் வெட்டியது மனிதக் கைதான். ஒழுகும் கண்ணாடி தேன்போல மடிந்து விழும். அதனால் அந்தக் கோலிகளின் ஒரு முனையில் வெள்ளைக் கோடு '9' என்ற எண்போலச் சுழிந்திருக்கும். எதிர்முனையில் கத்தரி வெட்டிய வால். பாதிக் கை, பாதி இயந்திரம். தொப்புள் ஒன்றே ஒன்று. அவருடைய தொழிற்சாலை 1917-இல் மூடியது.

பிறகு வந்த இயந்திரங்களில் உலையே கண்ணாடியை ஒழுகவிட்டது, இயந்திரமே வெட்டியது. உருளைகளும் நேருக்கு நேர் இல்லாமல் சற்றே தள்ளி வைக்கப்பட்டன. கோலி ஒரே அச்சில் சுழலாமல் எல்லாத் திசையிலும் புரண்டது. வெட்டிய தழும்பு கரைந்து போயிற்று. தொப்புள் இல்லாத கோலியின் காலம் தொடங்கியது இப்படித்தான். ஆக்ரனில் தொடங்கி 1914-இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்கு இடம்பெயர்ந்த ஆக்ரோ அகேட் நிறுவனம், திருகாணிபோல ஒரு வண்ணப் பட்டை மேலிருந்து கீழே சுற்றிவரும் கோலிகளுக்குப் பேர் போனது; 1951 வரை நடந்தது. 1950-களில் ஜப்பானிலிருந்து பூனைக்கண் கோலி வந்தது: தெளிந்த கண்ணாடி ஒழுகும்போதே நடுவில் வண்ணக் கண்ணாடியைச் செலுத்தி இதழ்போல நிறுத்திவிடுவார்கள். நம் துணியின்மேல் இருக்கிற பெட்டிக்கடைக் கோலி இந்தக் குடும்பம். உள்ளே இதழ் இருந்தால் அந்தக் கோலி 1950-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்குத் தாத்தா ஆடிய கோலி என்று யாராவது பூனைக்கண்ணை நீட்டினால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

இனி சோடாக் கோலி. தமிழ்நாட்டில் தேடுகிறவருக்கு லவுஷாவைவிட இதுதான் கைக்கெட்டும் புதையல். 1872-இல் லண்டனைச் சேர்ந்த ஹிராம் காட் கோலியால் வாய் மூடும் சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். வேலூரில் கண்ணுசாமி முதலியார் 1924-இல் தொடங்கிய கண்ணன் அண்டு கோ கோலி சோடாவைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பரப்பிய நிறுவனங்களில் ஒன்று. ஜப்பானியர் இதே பாட்டிலில் ராமுனே குடிக்கிறார்கள். வடக்கே இதற்கு பன்ட்டா என்று பெயர். பன்னாட்டுக் குளிர்பானங்கள் வந்தபின் ஒடுங்கிப் போயிருந்த கோலி சோடா, 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி வணிகர்கள் அந்தப் பானங்களைப் புறக்கணித்தபோது மறுபடி எழுந்து நின்றது. 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டையில், உச்சி வெயிலில் ராஜகிரி மலை ஏறி இறங்கியவருக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாட்டிலில் மூடி என்று தனியாக ஒன்றில்லை. உள்ளே இருக்கிற வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை மூடுகிறது. வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். நிரப்பும்போது பாட்டிலைச் சட்டத்தில் வைத்துத் தலைகீழாகச் சுழற்றுவார்கள். கோலி கழுத்துக்கு வந்து விழும், வாயு அதை வளையத்தோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். எவ்வளவு அழுத்தம்? வளையத்தின் துளை 12 மில்லிமீட்டர், உள்ளே வெளிக்காற்றைவிட மூன்று வளிமண்டல அழுத்தம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், கோலியின் முதுகில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. சோடாக்காரர் கட்டையை வைத்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவது இதை மீறத்தான். ஒருமுறை வாயு வெளியேறிவிட்டால் கோலி சாதுவாகக் கழுத்துக்குள் விழுந்து, இடுப்புபோல ஒடுங்கிய இடத்தில் தங்கிவிடும். குடிக்கும்போது அது ஓடிவந்து வாயை அடைக்காமல் தடுக்கக் கழுத்தில் இரண்டு குழிவுகள். குழிவு கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்க்கத் தெரியாதவரைப் பார்த்துத்தான் கடைக்காரர் சிரிப்பார்.

வாயு கசியக் கூடாது என்பதால் சோடாக் கோலிக்கு மேடுபள்ளம் ஆகாது. வண்ண வேலைப்பாடும் தேவையில்லை. பாட்டிலுக்கு உருக்கிய சாதாரணக் கண்ணாடியே போதும். அதனால்தான் அந்த நீலப்பச்சை: மணலில் இயல்பாக இருக்கும் இரும்பின் நிறம் அது. ஆயிரத்தில் ஒரு பங்கு இரும்பு இருந்தாலே தடித்த கண்ணாடியில் பச்சை தெரிந்துவிடும். அதை மறைக்க மாங்கனீசு சேர்த்தால் கண்ணாடி வெளுக்கும்; ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் அதே மாங்கனீசு கத்தரிப்பூ நிறம் காட்டும். நோட்டு சரிபார்க்கிற புறஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. பளீரென்று பச்சை எரிந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. மங்கலாகப் பச்சை காட்டினால் மாங்கனீசாக இருக்கலாம்.

எடை போட்டுப் பார்ப்பதால் அதிகம் தெரியாது. 16 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோலி 5.4 கிராம் வரும். அதே அளவு அகேட் கல் கோலியும் கிட்டத்தட்ட அவ்வளவே. கல்லைக் காட்டிக்கொடுப்பது அதன் தோல்தான். சாணைக்கல்லில் கையால் தீட்டியதால் ஒளியில் திருப்பினால் நுண்ணிய பட்டைகள் தெரியும். கண்ணாடிக்குப் பட்டை இருக்காது, உள்ளே காற்றுக்குமிழ் இருக்கும்.

கீறலுக்கும் சேதத்துக்கும் வருவோம். ஆடிய கோலியில் தோலுக்குக் கீழே பிறை பிறையாக வெள்ளை வடுக்கள் இருக்கும். நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. இதற்குப் பின்னால் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில், இருபத்துச் சொச்சம் வயதில், இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இரண்டு கண்ணாடி வில்லைகளை அழுத்தினால் தொடும் இடத்தில் என்ன நடக்கும் என்று கணக்கிட்டார். உருண்டைகள் ஒரு புள்ளியில் தொட்டாலும் அழுத்தும்போது அது சிறு வட்டமாக விரிகிறது. அந்த வட்டத்தின் விளிம்பில் கண்ணாடி இழுபடுகிறது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. விளிம்பிலிருந்து கூம்புபோல ஒரு விரிசல் உள்ளே இறங்கும். அடி நேராக விழுந்தால் வளையம், சாய்ந்து விழுந்தால் பிறை. பேந்தா என்ற கோலி ஆட்டத்தில் சுண்டிய ஒவ்வொரு நல்ல அடியும் இப்படிப் பதிவாகி இருக்கிறது. தோற்றவன் முட்டியால் தள்ளிக்கொண்டு போன தூரம் முட்டியில்தான் பதிவாகும், கோலியில் இல்லை.

பிறைகள் இருப்பது விலையைக் குறைக்கும். ஆனால் அவை நேர்மையின் அடையாளமும்கூட. நூறாண்டுக் கோலி என்று சொல்லி விற்கப்படுவதில் ஒரு பிறைகூட இல்லை, தொப்புள் மட்டும் கூர்மையாக இருக்கிறது, வண்ணம் கண்ணைப் பறிக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்; இன்றைய கண்ணாடிக் கலைஞர்கள் பழைய முறையிலேயே அருமையாகச் செய்கிறார்கள், அதைப் பழசென்று விற்பவர்கள் இடைத்தரகர்கள். இன்னொரு தந்திரம், மெருகு போடுவது. தோலை ஒரு சுற்றுத் தீட்டினால் கீறலும் பிறையும் போகும், கூடவே தொப்புளும் போய்விடும். அடையாளத்தை அழித்துவிட்டு அழகை விற்கிற வேலை இது. எண்ணெய் தடவுவது இதைவிட மலிவான தந்திரம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, தேங்காய் எண்ணெயுடையது 1.45, காற்றுக்கு 1. கீறலில் எண்ணெய் நிறைந்ததும் ஒளி சிதறுவது பெரும்பாலும் நின்று, மங்கல் கோலி தெளிந்துவிடும். வாங்கும்போது வேட்டி நுனியால் துடைத்துப் பாருங்கள். அதே தந்திரம் நமக்கும் உதவும்: தோல் தேய்ந்து உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத கோலியின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் உள்வலை, தண்டு, குமிழ் எல்லாம் தெரியும். பார்த்த பிறகு துடைத்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே மழை பெய்த மறுநாள் மணல்மேல் மணி மின்னினாலும் கை வைக்காதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியாத மணி ஆய்வாளருக்குப் பாதிக்குமேல் பயனற்றது.

சோடாக் கோலியையும் பரண்மேல் கிடைக்கிற கோலியையும் எடுத்துக்கொள்ள அப்படித் தடை இல்லை. ஆனால் அவற்றுக்கும் இடம்தான் வரலாறு. வீடு இடிக்கும்போதோ, கிணறு தூர் வாரும்போதோ, மூடிப்போன சோடாக் கம்பெனியின் கொல்லையிலோ ஒரு கோலி கிடைத்தால், ஒரு துண்டுச் சீட்டில் எந்த ஊர், யார் வீடு, எந்த இடம், எந்த ஆண்டு என்று எழுதி அதே பொட்டலத்தில் போட்டுவிடுங்கள். கழுவுவது அதற்கப்புறம், அதுவும் பச்சைத் தண்ணீரில். வெந்நீரில் போட்டால் தோல் முதலில் விரியும், உள்பகுதி விரியாது. உங்கள் கோலி உங்கள் கையிலேயே விரிசல் விடக்கூடும்.